தார் இல்லாத ரோடு: யூட்டாவில் ஆறு நாள்

நாள் 1

சிங்கப்பூரில் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். இந்த இருபது வருஷத்தில் என் டயர் மண்ணைத் தொட்டதே இல்லை. லிம் சூ காங் பண்ணைக்குக் கீரை வாங்கப் போனால்கூட வாசல் வரைக்கும் தார் போட்டிருக்கிறது. ரோட்டை ஈரமாகப் பார்த்திருக்கிறேன், சேறாகப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் ஜீப் ஓட்டப் போகிறேன் என்று சொன்னதும் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி கேட்டது ஒரே கேள்விதான்: "இன்சூரன்ஸ் எடுத்தாச்சா?"

எடுத்தாச்சு.

நாங்கள் மூன்று பேர். நான், தம்பி, அப்பா. "கல்லைப் பாக்க அவ்வளவு தூரமா, புக்கிட் தீமாவுல இல்லாத கல்லா" என்று சொல்லிவிட்டு அம்மா சித்தியோடு வீட்டில் இருந்துவிட்டார். அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அப்பா எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புக்கிட் தீமா, மண்டாய் பக்கத்துக் கல்குவாரிகளில் டிப்பர் லாரி ஓட்டியவர். கல் என்றால் எங்கள் வீட்டில் சோறு. குவாரிகள் ஒவ்வொன்றாக மூடியதும் பள்ளிப் பேருந்துக்கு மாறினார். இன்றைக்கு அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது, கரையில் ஜோடிகள் திருமணப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்பாவுக்கு இப்போது 73. எழுபதில் ஓட்டுநர் உரிமத்தை விட்டுவிட்டார். ஆகவே இந்தப் பயணத்தில் அவர் ஓட்டப் போவதில்லை என்று புறப்படுவதற்கு முன்பே பேசி முடிவாகிவிட்டது. அவரும் சரி என்றார். ஆனால் வண்டி என்று ஒன்று கைக்கு வந்ததிலிருந்து முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சாங்கியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 15 மணி நேரத்துக்கு மேல், குடிநுழைவு வரிசையில் ஒன்றரை மணி, அப்புறம் இன்னொரு விமானம் பிடித்து சால்ட் லேக் சிட்டி. இதை இத்தோடு விடுகிறேன். வாடகை வண்டிக் கவுண்டரில் நாங்கள் பதிவு செய்திருந்த பெரிய வண்டி "இல்லை". இருந்தது ஒரு வெள்ளை செடான். மூன்று பெட்டிகளில் ஒன்று என் தம்பியின் மடியில் வந்தது. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில், தார் ரோட்டை விட்டு இறங்கினால் காப்புறுதி செல்லாது என்று வேறு போட்டிருந்தார்கள். பரவாயில்லை, மோவாப் போய்த்தான் ஜீப் எடுக்கப் போகிறோம்.

இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். அது பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது. பழகாதது சிக்னல் குச்சி. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் அது வலது கையில் இருக்கும், இங்கே இடது கையில். திரும்ப வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் வைப்பர் ஓடியது. மேகமே இல்லாத வானத்தின் கீழே, காய்ந்த கண்ணாடியைக் கிறீச் கிறீச்சென்று துடைத்துக்கொண்டே ஒரு வெள்ளைக் கார் பாலைவனத்தைப் பார்த்துப் போனால் அது நாங்கள்தான்.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து மோவாப் சுமார் 375 கிலோமீட்டர். சிங்கப்பூரைக் கிழக்கிலிருந்து மேற்காக ஏழு முறைக்கு மேல் கடக்கிற தூரம். நெடுஞ்சாலையில் சில இடங்களில் வேக வரம்பே 80 மைல், அதாவது 129 கிலோமீட்டர். தொண்ணூறைத் தாண்டினால் கேமரா பிடிக்கும் என்று பயந்தே பழகிய என் கால் அந்த வேகத்துக்கு ஒத்துழைக்கவில்லை. வழியில் சோல்ஜர் சம்மிட் என்ற கணவாய், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் (நம் புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர், அதில் ஏறியே எனக்கு மூச்சு வாங்கும்). அதைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, அப்புறம் புதராகி, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போயின. கிரீன் ரிவர் என்ற ஊர் தர்ப்பூசணிக்குப் பேர்போனது. அப்பா ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினார்.

மோவாப் என்பது பைபிளில் வரும் பெயர்தான். ஊருக்குள் நுழைகிற இடத்தில் கொலராடோ ஆற்றங்கரையில் வேலி போட்ட ஒரு பெரிய மண் வெளி. 1950-களில் இங்கே யுரேனியம் காய்ச்சல். 1952-இல் சார்லி ஸ்டீன் என்பவர் ஊருக்குத் தென்கிழக்கே பெரிய தாதுப் படிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார், 1956-இல் ஆற்றங்கரையில் ஆலை வந்தது. ஆலை போய்விட்டது, கழிவு மேடு நின்றது: 1 கோடியே 60 லட்சம் டன். ஆற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் அது இருக்கக் கூடாது என்று 2009-லிருந்து ரயிலில் ஏற்றி, சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்ப் புதைக்க ஆரம்பித்தார்கள். "எடுத்ததை விட அள்ளுறது பெரிய வேலை" என்றார் அப்பா, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

நாள் 2

ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல் வளைவுகள். யூட்டா வண்டிகளின் நம்பர் பிளேட்டில் இருக்கிற டெலிகேட் ஆர்ச் வரைக்கும் தம்பி மட்டும் நடந்தான், போய்வர ஐந்து கிலோமீட்டர். நானும் அப்பாவும் கீழேயிருந்து பார்த்துவிட்டுத் தர்ப்பூசணி சாப்பிட்டோம்.

எனக்கு வளைவுகளை விட அவை எப்படி வந்தன என்பதுதான் பிடித்திருந்தது. அடியில் கனத்த உப்புப் படுகை. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடல் வற்றி விட்டுப்போனது. அதன் மேல் மணல் படிந்து கல்லானது. உப்பு கல் மாதிரி இறுகி இருக்காது. மேலே பாரம் ஏறினால் பிசைந்த மாவு மாதிரி நகரும், எங்கே இளகியதோ அங்கே மேலே புடைக்கும். புடைத்த இடத்தில் மேல் கல் வரி வரியாக வெடித்தது, மழையும் பனியும் அந்த வெடிப்புக்குள் இறங்கி அரித்தன, மதில் மதிலாக நின்ற கல்லில் ஓட்டை விழுந்தது. 93 மீட்டர் அகலமுள்ள லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் அடியிலிருந்து 1991-இல் பெரிய பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கல் முறிகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடித் தப்பித்தார்கள். இதைச் சொன்னதும் அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றார். வெடி வைக்கிற இடத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்.

சாயங்காலம் ஜீப். சிவப்பு ராங்ளர், கதவைத் திறந்தாலே உள்ளே மண் வாசனை. சிங்கப்பூரில் இதை வாங்க நினைத்தால் சிஓஇ என்கிற, வண்டி வைத்திருக்க அனுமதி தரும் காகிதத்துக்கு மட்டுமே ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும், வண்டி விலை தனி. செடானைக் கடை முற்றத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள். கடைப் பையன் டயரில் காற்றை 35-லிருந்து 22-க்கு இறக்கச் சொல்லிக்கொடுத்தான். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து உட்காரும், கூரான கல்லை முட்டி எகிறாமல் அதன் மேல் மடிந்து போகும், மணலில் புதையாது. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தமிழில் சொன்னார்: "ஷூவைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடக்கற மாதிரிம்மா. வேற ஒண்ணும் இல்ல."

நாள் 3

இன்றைக்குத்தான் நிஜமான ரோடு.

மோவாப்பிலிருந்து முக்கால் மணி நேரத்தில் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி. ஒரு பக்கம் கொலராடோ ஆறு, இன்னொரு பக்கம் கிரீன் ஆறு, நடுவே மேசை மாதிரி தட்டையாக உயர்ந்து நிற்கிற மேட்டுநிலம். 1964-இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டுத் தேசியப் பூங்காவானது. பரப்பளவு 1,366 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு சிங்கப்பூர். நம் ஊரில் அந்தப் பாதியில் 60 லட்சம் பேர் இருக்கிறோம். இங்கே காலை ஏழரை மணிக்கு விளிம்பில் நின்று எண்ணினேன், எங்களையும் சேர்த்து ஒன்பது பேர்.

விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் சேஃபர் டிரெயில் தெரியும். செங்குத்தான சிவப்புக் கல்சுவரில் யாரோ நூலைக் கோணல்மாணலாக ஒட்டிவைத்த மாதிரி. மேலிருந்து கீழே 450 மீட்டர் இறக்கம், தடுப்புச் சுவர் கிடையாது. முதலில் பழங்குடிகளின் நடைபாதை. அப்புறம் மாடு மேய்ப்பவர்கள் குளிர்காலத்தில் மந்தையைக் கீழே ஓட்டிப்போன தடம். ஐம்பதுகளில் யுரேனியம் லாரிகளுக்காக அகலப்படுத்தினார்கள்.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "லோடு எந்தப் பக்கம் போச்சு? ஏறும்போதா, இறங்கும்போதா?"

நான் படித்த எதிலும் யாரும் இப்படிக் கேட்டிருக்கவில்லை. கீழே வெட்டி மேலே கொண்டுவந்தார்கள், ஆகவே ஏறும்போதுதான் லோடு என்றேன். "அப்ப பரவாயில்ல" என்றார். "லோடோட ஏறினா என்ஜின்தான் போகும். லோடோட இறங்கினா ஆள் போயிடுவான்."

யார் ஓட்டுவது என்பதில் எனக்கும் தம்பிக்கும் சின்னத் தகராறு. அவன் என்எஸ்-இல், அதாவது கட்டாயத் தேசிய சேவையில், ஐந்து டன் லாரி ஓட்டியவன், அதை அவன் எங்களை மறக்கவிட்டதே இல்லை. நான் மூத்தவள், வாடகை ஒப்பந்தத்தில் முதல் பெயர் என்னுடையது. கடைசியில் ஒற்றையா இரட்டையா போட்டு நான் ஜெயித்தேன். ஜெயித்ததும்தான் வயிறு கலங்கியது.

கியரை ஃபோர்-லோவில் (நாலு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கிற கியர்) போட்டு, முதல் வளைவில் இறங்கினேன். கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காதம்மா. கியர் பிடிக்கட்டும். காலை எடு."

"எடுத்தா ஓடிடுமேப்பா!"

"ஓடாது. எடு."

எடுத்தேன். வண்டி ஓடவில்லை. என்ஜின் ஒரு மாதிரி முனகிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், தானாகவே தன்னைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. முப்பது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டபோது முதல் தடவை தண்ணீர் என்னைத் தாங்கிய அந்த நொடி எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. பள்ளம் ஒரு வளைவில் என் பக்கம், அடுத்த வளைவில் அப்பா பக்கம். அவர் பக்கம் வரும்போதெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் தம்பி படம் எடுப்பதை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது.

பாதி இறக்கத்தில் கருகிய வாசனை. எங்கள் வண்டியோ என்று திக்கென்றது. இல்லை. முன்னால் ஒரு வெள்ளைக் கார் வழிவிடும் இடத்தில் ஒதுங்கி நின்றிருந்தது, முன்சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை. அந்தக் கணவன் மனைவியிடம் தண்ணீர் ஊற்றாதீர்கள், சும்மா ஆற விடுங்கள், அப்புறம் கியரைக் குறைத்து இறங்குங்கள் என்று அப்பா அவருடைய ஆங்கிலத்தில் சொன்னார். புரிந்தது அவர்களுக்கு.

அதற்கும் கீழே, இரண்டு வண்டி போக முடியாத இடத்தில், எதிரே ஒரு பழைய டொயோட்டா பிக்கப் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். இங்கேயும் அதுதான் வழக்கம், குவாரியிலும் அதுதான் வழக்கமாம். ஒதுங்க இடம் எனக்குப் பின்னால் முப்பது மீட்டரில் இருந்தது. அதாவது நான் ரிவர்ஸில், மேல்நோக்கி, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாமல். கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரிந்தது.

அப்பா இறங்கினார். வண்டிக்குப் பின்னால், பள்ளத்துப் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கமாக, எனக்குத் தெரிகிற இடத்தில் நின்றார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையில் இரண்டு விரல் மட்டும். விரல் மடங்கினால் வா, சாய்ந்தால் அந்தப் பக்கம் ஒடி, விரிந்த கை என்றால் நில். நான் அவருடைய கட்டைவிரல் நகத்தைப் பார்த்து ஓட்டினேன். ஒரு இடத்தில் கல் உருண்டு கீழே போகிற சத்தம் கேட்டது, போய்க்கொண்டே இருந்தது. அப்பாவின் விரல் அசையவில்லை, ஆகவே நானும் அசையவில்லை. அப்புறம் மடங்கியது. கடைசியில் பக்கத்தில் வந்து உள்ளங்கையால் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். லாரிக்காரர்கள் பாஷையில் அதற்கு "போதும்" என்று அர்த்தம். பிக்கப் எங்களைத் தாண்டும்போது அதிலிருந்த தாடிக்காரர் தொப்பியைத் தூக்கி அப்பாவுக்கு மட்டும் ஒரு வணக்கம் வைத்தார்.

கீழே தரைக்கு வந்து என்ஜினை அணைத்ததும் காது ஙொய்ங் என்றது. வீட்டில் நள்ளிரவில்கூட லிஃப்ட் சத்தம், பக்கத்து புளோக் ஏர்கான், தூரத்தில் விரைவுச்சாலை என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இங்கே நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது. மதியச் சாப்பாடு ரொட்டியும் சாங்கியிலிருந்து வந்த நெத்திலி சம்பால் பாட்டிலும். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தோம். மேலே செங்குத்தாகச் சிவந்து நிற்பது விங்கேட் மணற்கல், அதன் தலையில் தொப்பி மாதிரி கெட்டியான கயென்டா கல், அந்தத் தொப்பி இருப்பதால்தான் சுவர் கரையாமல் நிற்கிறது. விங்கேட்டுக்கு அடியில் சரிவாக இறங்குவது சின்லே என்ற அடுக்கு, யுரேனியம் தேடி எல்லாரும் குடைந்தது அதில்தான். அதற்கு வயது 20 கோடி ஆண்டுக்கு மேல். புக்கிட் தீமா கருங்கல்லுக்கும் அப்படித்தான். "ரெண்டும் ஒரு செட்டு" என்றார் அப்பா. ஆனால் இந்தக் கல்லைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நகத்தால் சுரண்டினால் மணல் உதிர்கிறது, இதை வைத்து ஒரு படிக்கட்டுகூடக் கட்ட முடியாது என்றார். புலாவ் ஊபின் கல்லில் 1851-லேயே கலங்கரை விளக்கம் கட்டி இன்னும் நிற்கிறதே என்று ஒப்பிட்டுக்கொண்டார். அவர் சொல்வது ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை.

சிறுநீர் கழிக்க ஒதுங்கிய தம்பியை நான் கத்தி நிறுத்த வேண்டியிருந்தது. ரோட்டோரத்து மண்ணில் கறுப்பாக, தீய்ந்த அடை மாதிரிப் பொரிந்து கிடக்கிறதே, அது உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைத்திருக்கிற தோல். ஒரு காலடி பட்டால் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள். கல் மேல் நடக்கலாம், மணல் ஓடை மேல் நடக்கலாம், இதன் மேல் மட்டும் கூடாது. அவன் கல்லுக்குக் கல் தாவிப் போனான்.

திரும்பும் வழி பொட்டாஷ் ரோடு. நான் இந்தப் பெயரை ஏதோ ஆளின் பெயர் என்று நினைத்திருந்தேன். பாறைகளுக்கு நடுவே ஒரு திருப்பத்தில் திடீரென்று நீச்சல் குள நீலத்தில் பெரிய பெரிய குட்டைகள். பொட்டாஷ் என்றால் அதே பொட்டாஷ், தாத்தா மன்னார்குடிப் பக்கத்து வயலில் போட்ட உரம். ஆற்றுத் தண்ணீரைப் பூமிக்குள் செலுத்தி உப்புப் படுகையைக் கரைத்து, அந்தக் கரைசலை மேலே இழுத்துக் குட்டைகளில் விட்டுக் காய வைக்கிறார்கள். வெயிலை அதிகம் உறிஞ்ச வேண்டும் என்பதற்காக நீலச் சாயம் கலக்கிறார்கள். நேற்று வளைவுகளைத் தூக்கி நிறுத்திய அதே உப்புப் படுகைதான் இதுவும். வேதாரண்யத்து உப்பளம் போலத்தான் என்றார் அப்பா, கலர் மட்டும் வேற.

அதற்கப்புறம் தார் வந்துவிட்டது. ரோட்டோரக் கல்சுவரில் பழங்குடிகள் கொத்திவைத்த மனிதர்களும் மான்களும். பாறை மேல் நாள்பட்டுக் கறுத்த மேல்பூச்சைக் கொத்தி எடுத்தால் உள்ளே இருக்கிற வெளிர் நிறம் தெரியும், அதுதான் கோடு.

விடுதிக்கு வந்ததும் நான் கட்டிலில் விழுந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் அப்பா விளக்குக் கம்பத்தடியில் குத்துக்காலிட்டு, ஸ்க்ரூடிரைவரால் டயர் பட்டை இடுக்குகளிலிருந்து கல்லை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக. குவாரி லாரிகளின் பின்னால் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே கல் சிக்கிக்கொள்ளும், அப்படியே பெரிய ரோட்டுக்குப் போனால் அது கழன்று பறந்து பின்னால் வருகிறவன் கண்ணாடியை உடைக்கும். கேட்டைத் தாண்டுமுன் இறங்கிப் பார்க்காமல் போனதில்லையாம். நாலு டயருக்கும் அரை மணி ஆயிற்று.

நாள் 4

மழை. பாலைவனத்தில் மழை என்றால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் கடையிலிருந்து போன் வந்தது, இன்றைக்கு மண் ரோடு எதற்கும் போகாதீர்கள் என்று. இங்கே சில அடுக்குகளில் பழைய எரிமலைச் சாம்பல் களிமண்ணாகியிருக்கிறது. நனைந்தால் ஊதிப்போய்ச் சோப்புக் கட்டி ஆகிவிடும், நாலு சக்கரம் சுற்றினாலும் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். இன்னொன்று, வெறும் கல் தண்ணீரைக் குடிக்காது. எங்கோ இருபது கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை, இங்கே வெயிலடிக்கிற ஓடையில் திடீரென்று மதில் உயரத்துக்கு வரும்.

அதனால் ரைஸ் குக்கர் கதையைச் சொல்கிறேன். தம்பி வீட்டிலிருந்து சின்ன ரைஸ் குக்கர் கொண்டுவந்திருந்தான். பிளக் மாற்றியும் கொண்டுவந்திருந்தான். போட்டோம், விளக்கு மங்கலாக எரிந்தது. முக்கால் மணி கழித்துத் திறந்தால் அரிசி வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், இங்கே 120. வோல்ட் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசியாகும். தம்பி பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் படித்தவன் என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன். போதாக்குறைக்கு மோவாப் 1,200 மீட்டர் உயரம், தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், நாங்கள் அந்த 96-ஐயும் பார்க்கவில்லை. கடைசியில் மைக்ரோவேவில் வைத்து, கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவே ஏதோ ஒன்று வந்தது, ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு மூவரும் தூங்கினோம்.

நாள் 5

ஜீப்பைத் தெற்கே கொண்டுபோகலாமா என்று கடையில் கேட்டு, சரி என்றதும் விடிகாலையில் புறப்பட்டோம். பிளாண்டிங் தாண்டி, சீடார் மேட்டின் மேல் நேர்கோடாகப் போகிற நல்ல தார் ரோடு திடீரென்று முடிகிறது. முடிகிற இடத்தில் பூமியும் முடிகிறது. அதுதான் மோக்கி டக்வே: 11 சதவீதச் சரிவில் ஐந்து கிலோமீட்டர் சரளை, முந்நூறு மீட்டருக்கும் மேல் இறக்கம். 1958-இல் டெக்ஸஸ் ஜிங்க் என்ற சுரங்க நிறுவனம் வெட்டியது. மேட்டுக்கு அப்பாலிருந்த ஹேப்பி ஜாக் சுரங்கத்து யுரேனியத் தாதுவை, கீழே மெக்சிகன் ஹாட் பக்கத்திலிருந்த ஆலைக்குக் கொண்டுபோக.

அப்பா கேட்பதற்குள் நானே சொன்னேன். "இங்க லோடு இறங்கும்போதுப்பா."

அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினார். வளைவின் உள்பக்கம் போய் நின்று, கீழே பார்த்து, மேலே பார்த்து, காலால் சரளையைத் தேய்த்துப் பார்த்தார். அறுபது வருஷத்துக்கு முந்தைய லாரி, அந்தக் காலத்துப் பிரேக், பின்னால் கல் லோடு. "இந்த வளைவுல ஒரே மூச்சுல திரும்பியிருக்க முடியாது. ஒரு ரிவர்ஸ் போட்டுத்தான் திரும்பியிருப்பான்" என்றார். "லோடோட ரிவர்ஸ்." தினமும் எத்தனை நடை, எவ்வளவு கூலி என்று கேட்டார். நாங்கள் தேடிப் பார்த்த எதிலும் அது இல்லை.

கீழே வேலி ஆஃப் த காட்ஸ், கடவுளர் பள்ளத்தாக்கு. பெயர் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் போய்ப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. 27 கிலோமீட்டர் செம்மண் தடம், இருபுறமும் தனித்தனியாக நிற்கிற கல் தூண்கள், கோயில் கோபுரத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போன மாதிரி. நுழைவுக் கட்டணமும் இல்லை, கூட்டமும் இல்லை. தம்பி ஓட்டினான். சமதரைதானே என்று இரண்டு சக்கர ஓட்டத்திலேயே விட்டுவிட்டான். ஒரு ஓடையில், நேற்றைய மழை கொண்டுவந்து கொட்டிய பொடி மணலில், வண்டி மெதுவாக உட்கார்ந்தது. உடனே அவன் ஆக்சிலேட்டரை அழுத்தினான். என்எஸ் பயிற்சி. பின்சக்கரங்கள் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கின.

"காலை எடுடா!" என்று அப்பா கத்தியதை அந்தக் கடவுளர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள்.

நாற்பது நிமிஷம். மூன்று பேரும் கையால் மணலை அள்ளினோம், மேலே காய்ந்திருந்தது, ஒரு சாண் ஆழத்தில் ஈரமாக, சில்லென்று, புட்டு மாவு பதத்தில் இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் கால்மிதி விரிப்புகளைச் செருகினோம். டயரில் இன்னும் காற்றை இறக்கினோம். ஃபோர்-லோ போட்டு, முன்னால் போகப் பார்க்காதே, வந்த தடத்திலேயே பின்னால் வா, அது ஏற்கெனவே உன் பாரத்தைத் தாங்கிய மண் என்றார் அப்பா. தம்பி இந்தத் தடவை வாயைத் திறக்காமல் செய்தான். வண்டி ஒரு முறை நடுங்கிவிட்டு மேலே வந்தது. கால்மிதி ஒன்று இரண்டாகக் கிழிந்தது. கடையில் அதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

சூரியன் இறங்குகிற நேரத்துக்குக் கூஸ்நெக்ஸ். சான் வான் ஆறு முந்நூறு மீட்டர் ஆழத்தில் பாம்பு மாதிரி மடிந்து மடிந்து, இரண்டரை கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கப் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறது. குளிர் தாங்காமல் பத்து நிமிஷத்தில் வண்டிக்குள் வந்துவிட்டோம்.

நாள் 6

மான்யுமென்ட் வேலி நவாஹோ மக்களின் நிலம், 1958-லிருந்து அவர்களே நடத்துகிற பூங்கா. காலையில் கைப்பேசி மணி ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமாகத் தாவிக்கொண்டிருந்தது. கோடையில் நவாஹோ நாடு கடிகாரத்தை முன்னால் தள்ளிவைக்கும், சுற்றியுள்ள அரிசோனா தள்ளிவைக்காது, போனுக்குத் தான் யார் நிலத்தில் நிற்கிறோம் என்று தெரியவில்லை.

எங்கள் ஜீப்பை உள்ளே கொண்டுபோகக் கடையில் அனுமதி இல்லை. அதனால் ஒரு நவாஹோ வழிகாட்டியின் திறந்த வண்டியில் ஏறினோம். அறுபது வயதிருக்கும். அந்தப் பிரபலமான கையுறைப் பாறைகளை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள், நேரில் அதை விடப் பெரியது, அவ்வளவுதான் சொல்ல முடியும். சிவப்புத் தூசி பல்லுக்கிடையில் நறநறத்தது. அப்பா கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்த வழிகாட்டி, தூசி பழக்கமில்லையா என்று சிரித்தார். ஸ்டோன் குவாரி, லாரி டிரைவர், லாங் டைம் என்றார் அப்பா.

அதற்கப்புறம் அந்த இருவரும்தான் பேசினார்கள், நான் நடுநடுவே வார்த்தை எடுத்துக்கொடுத்தேன். வழிகாட்டியின் தாத்தா இந்தப் பக்கத்து யுரேனியம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தூசியோடு வீட்டுக்கு வருவார், அதே சட்டையோடு பிள்ளைகளைத் தூக்குவார், யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. நுரையீரலில் போனார். இழப்பீட்டுச் சட்டம் 1990-இல்தான் வந்தது, தாத்தாவுக்கு அது எட்டவில்லை. நவாஹோ நிலத்தில் கைவிடப்பட்ட யுரேனியம் சுரங்கங்கள் ஐந்நூறுக்கும் மேல். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, கல் உடைக்கிற மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்கு எங்கள் ஊரிலும் வந்தது, நான் லாரிக் கேபினில் இருந்தேன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வேன், அதனால் தப்பித்தேன் என்றார். கூட வேலை பார்த்த ஒருவர் பெயரைச் சொன்னார். நான் சின்ன வயதில் அந்த மாமா வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவர் இருமிக்கொண்டே எனக்கு மிட்டாய் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, ஏன் இருமினார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கும்போது வழிகாட்டி அப்பாவிடம் கை கொடுத்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டி, ஒரு ரவுண்டு ஓட்டுகிறாயா என்று கண்ணால் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே கையை விரித்தார். லைசென்ஸ் இல்லை.

சாயங்காலம் மோவாப். கடையில் கிழிந்த கால்மிதிக்கு முப்பது வெள்ளி பிடித்துக்கொண்டார்கள், அமெரிக்க வெள்ளி. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ஒரு கீறலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைப் பையன் குழாயைக் கொண்டுவந்து டயரில் காற்று ஏற்ற ஆரம்பித்தான், அப்பா அவனுக்கு முன்னாலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரால் கல் எடுத்துக்கொண்டிருந்தார். அவன் வேண்டாம் சார், நாங்கள் கழுவிவிடுவோம் என்றான். "நோ நோ, ஹைவே டேஞ்சர்" என்றார் அப்பா. வண்டி ஹைவேக்குப் போகப் போவதில்லை, கடைக்குப் பின்னால் கொட்டகைக்குத்தான் போகிறது என்று அவன் என்னைப் பார்த்தான், நான் விடுங்கள் என்று தலையாட்டினேன். நாலாவது டயரிலிருந்து சிவப்பாக, புளியங்கொட்டை அளவில் ஒன்று வந்தது. அதை வேலியோரம் எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அப்புறம் எங்கள் வெள்ளை செடானை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன் நாலு டயரையும் குனிந்து பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.